ஃபிளெக்ஸ், சில்வர்லைட் காலத்து அப்ளிகேஷன் உங்கள் தலையில் விழுந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2005 முதல் 2012 வரை எழுதப்பட்ட அலுவலக அப்ளிகேஷன்கள் பல இன்னும் ஏதோ ஒரு சர்வரின் மூலையில் உயிரோடு இருக்கின்றன. எழுதியவர்கள் வேலை மாறிப் போய்விட்டார்கள். "இதைப் புதுசா மாத்திக் கொடுங்க" என்று யாராவது ஒரு வெப் டெவலப்பர் கையில் அது வந்து சேர்கிறது. அப்படி வந்து சேர்ந்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. ஃபிளெக்ஸ், சில்வர்லைட் இரண்டும் பிரவுசரில் பிளகின் (பிரவுசரோடு தனியாகச் சேர்க்கும் துணை மென்பொருள்) வைத்து ஓடும் அப்ளிகேஷன்களை எழுதப் பயன்பட்டவை. நான் ஃபிளெக்ஸில் பல வருடம் வேலை பார்த்து, பிறகு அதே அப்ளிகேஷன்களை ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றும் வேலையையும் பார்த்தவன். அதனால் பதில்களில் ஃபிளெக்ஸ் வாசம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

ரிச் இன்டர்நெட் அப்ளிகேஷன் என்று எதைச் சொன்னார்கள்?

பிரவுசரில் திறக்கும், ஆனால் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்த சாஃப்ட்வேர் போல நடந்துகொள்ளும் அப்ளிகேஷனை. 2002-இல் மேக்ரோமீடியா நிறுவனம் ஃபிளாஷ் எம்எக்ஸ் வெளியிட்ட சமயத்தில் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அதுவரை வெப் அப்ளிகேஷன் என்றால் ஒரு பட்டனை அழுத்த வேண்டும், பக்கம் முழுக்க வெள்ளையாகி மறுபடி வர வேண்டும். நூறு வரி உள்ள பட்டியலை ஒரு நெடுவரிசைப்படி அடுக்கக்கூட சர்வருக்கு ஒரு நடை போய்வர வேண்டியிருந்தது. திரையின் நிலையைப் பிரவுசர் பக்கமே வைத்துக்கொண்டு, சர்வரிடம் டேட்டாவை மட்டும் கேட்டு வாங்கலாம் என்பதுதான் மேக்ரோமீடியா சொன்ன யோசனை. இன்றைக்கு எல்லோரும் செய்வது அதைத்தான், பெயர் மட்டும் மாறிவிட்டது.

அதற்கு எதற்குப் பிளகின்? ஜாவாஸ்கிரிப்ட் அப்போதே இருந்ததே?

இருந்தது. சர்வரிடம் பின்னணியில் டேட்டா கேட்கும் எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரெக்வஸ்ட் வசதி 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-லேயே வந்துவிட்டது. 2004-இல் ஜிமெயிலும் 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸும் வந்த பிறகுதான் அதைவைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று உலகத்துக்குத் தெரிந்தது. அதே மாதம் அந்த முறைக்கு அஜாக்ஸ் என்று பெயரும் வந்தது. சென்னையில் அப்போது அட்வென்ட்நெட் என்ற பெயரில் இருந்த ஸோஹோ, 2005-இல் ரைட்டரை இந்த வழியில்தான் கொண்டுவந்தது.

ஆனால் ஒரே கோட் இரண்டு பிரவுசரில் இரண்டு விதமாக நடந்துகொண்ட காலம் அது. சார்ட் வரைய வழியில்லை, வீடியோவுக்கு டேக் கிடையாது, ஆயிரம் வரி டேபிளைக் காட்டினால் பிரவுசர் மூச்சு வாங்கும். ஃபிளாஷ் பிளேயர் என்ற பிளகினோ கிட்டத்தட்ட எல்லா கம்ப்யூட்டரிலும் இருந்தது, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஓடியது. காலக்கெடுவோடு வேலை பார்ப்பவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? பிளகினைத் தேர்ந்தெடுத்தவர்கள் அன்றைக்குத் தவறாக எதுவும் செய்துவிடவில்லை.

என்னென்ன கருவிகள் இருந்தன?

முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். ஃபிளாஷ் பிளேயரில் ஓடும் அப்ளிகேஷன்களைக் கட்டும் ஃபிளெக்ஸ் 2004-இல் மேக்ரோமீடியாவிடமிருந்து வந்தது. அடுத்த வருடக் கடைசியில் அடோபி மேக்ரோமீடியாவை வாங்கியது. 2006-இல் ஃபிளெக்ஸ் 2, ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 (அதன் நிரல் மொழி) இரண்டும் வந்தன. உண்மையான பாய்ச்சல் அதுதான். 2008 பிப்ரவரியில் ஃபிளெக்ஸ் 3 திறமூலமாக வந்தது, கூடவே டெஸ்க்டாப்பில் ஓட ஏர். மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட் 2007-இல் வந்தாலும், சி ஷார்ப்பில் எழுத முடிந்தது 2008-இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்துதான். அந்த வருட பெய்ஜிங் ஒலிம்பிக்ஸை அமெரிக்காவில் என்பிசி இணையத்தில் காட்டியது சில்வர்லைட்டில். சன் நிறுவனத்தின் ஜாவாஎஃப்எக்ஸும் 2008 கடைசியில் வந்தது, பிரவுசரில் பெரிதாக எடுபடவில்லை. பிளகின் வேண்டாம் என்றவர்களுக்கு 2006-இல் வந்த கூகுள் வெப் டூல்கிட் இருந்தது: ஜாவாவில் எழுதினால் ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித் தரும்.

ஃபிளெக்ஸ் டெவலப்பரின் வேலை இன்றைய ரியாக்ட் வேலையிலிருந்து எவ்வளவு தூரம்?

நினைப்பதைவிடக் கிட்டத்தில். (ரியாக்ட் என்பது இன்று ஜாவாஸ்கிரிப்டில் திரைகளைக் கட்ட உதவும் லைப்ரரி.) திரையின் அமைப்பை எம்எக்ஸ்எம்எல் என்ற டேக் மொழியில் எழுதுவோம், நடத்தையை ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில். இரண்டும் சேர்ந்து கம்பைல் ஆகி ஒரே எஸ்டபிள்யூஎஃப் கோப்பாக வெளியே வரும். ஒரு மாறியின் தலையில் "பைண்டபிள்" என்று குறிப்பு போட்டால் போதும். அதன் மதிப்பு மாறும்போது அதைக் காட்டும் லேபிள், டெக்ஸ்ட்பாக்ஸ் எல்லாம் தாமாக மாறும். கம்பைலர் பின்னணியில் ஒரு ஈவென்ட்டைக் கட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான் மந்திரம்.

காம்போனென்ட் எழுதுபவருக்கு மூன்று கட்டம் மனப்பாடம் ஆக வேண்டும்: மாறிய பண்புகளை ஏற்றுக்கொள்வது, அளவெடுப்பது, வரைவது. ஒரு பண்பை மாற்றியதும் திரை உடனே மாறாது. "இது பழசாகிவிட்டது" என்று கொடி மட்டும் ஏறும், அடுத்த சுற்றில் எல்லா மாற்றமும் சேர்த்து ஒரே தடவை வரையப்படும். ரியாக்டில் ஸ்டேட்டை மாற்றிவிட்டு அடுத்த வரியிலேயே படித்துப் பார்த்து "மாறவே இல்லையே" என்று குழம்புபவர்களைப் பார்க்கும்போது பழைய ஆபீஸ் ஞாபகம் வரும். அங்கேயும் புதிதாக வந்தவர்களின் முதல் வாரக் கேள்வி இதுதான்.

பழைய கோடில் மெமரி ஏறிக்கொண்டே போனால் முதலில் பார்க்க வேண்டியது ஈவென்ட் லிசனர்களை. லிசனர் சேர்க்கும் ஃபங்ஷனின் ஐந்தாவது ஆர்கியூமென்ட்டில், வீக் ரெஃபரன்ஸாக (மெமரியை விடுவிக்கத் தடையாக இல்லாத இணைப்பாக) வைத்துக்கொள் என்று சொல்லலாம். முன்னிருப்பாக அது அணைந்திருக்கும். பலர் மூன்று ஆர்கியூமென்ட்டைத் தாண்டியதே இல்லை. மூடிய பாப்அப் எல்லாம் மெமரியில் உட்கார்ந்திருக்கும்.

பழைய டேட்டாகிரிட்டில் ஸ்க்ரோல் செய்தால் டிக் வேறு வரிக்குத் தாவுகிறது. ஏன்?

ஃபிளெக்ஸின் புகழ்பெற்ற தொல்லை இது. டேட்டாகிரிட் என்பது அதன் டேபிள் காம்போனென்ட். ஐயாயிரம் வரி டேட்டா இருந்தாலும் டேட்டாகிரிட் ஐயாயிரம் செக்பாக்ஸை உருவாக்காது. கண்ணுக்குத் தெரியும் இருபது வரிக்குத் தேவையானதைத்தான் உருவாக்கும், ஸ்க்ரோல் செய்யும்போது அவற்றையே திருப்பித் திருப்பிப் பயன்படுத்தும். மூன்றாம் வரியில் டிக் போட்டுவிட்டு ஸ்க்ரோல் செய்தால், அதே செக்பாக்ஸ் இப்போது இருபத்து மூன்றாம் வரிக்கு வேலை பார்க்கிறது. டிக்கை டேட்டாவில் எழுதாமல் செக்பாக்ஸிலேயே விட்டிருந்தால் அது கூடவே பயணம் செய்யும். ரெண்டரரின் (ஒரு கட்டத்தை வரையும் காம்போனென்ட்டின்) டேட்டா மாறும் ஒவ்வொரு முறையும் அந்த டேட்டாவிலிருந்தே டிக்கைத் திரும்ப நிர்ணயிப்பதுதான் தீர்வு.

ரியாக்டில் கீயாக (வரியின் அடையாளமாக) வரிசை எண்ணைக் கொடுத்துவிட்டு, நடுவில் ஒரு வரியை நீக்கினால் வருவதும் இதே நோயின் இன்னொரு முகம்தான். சம்பளப் பட்டியலைத் தேர்ந்தெடுத்து ஒப்புதல் அனுப்பும் திரையில் இது நடந்தால் விளைவை யோசித்துப் பாருங்கள். மாற்றி எழுதும்போது பழைய கிரிட்டில் இந்தப் பிழை இருந்ததா என்று முதலில் சோதியுங்கள். இருந்தால் பழைய டேட்டாவே சந்தேகத்துக்குரியது.

தமிழ் அந்தக் காலத்தில் ஃபிளாஷில் ஒழுங்காகத் தெரிந்ததா?

பெரும்பாடுதான். பழைய டெக்ஸ்ட்ஃபீல்டில் யூனிகோட் ஃபாண்டை உள்ளே பதித்துவிட்டால், எழுத்துகளை அவை வரும் வரிசையிலேயே வரைந்துவிடும். "பெயர்" என்று எழுதினால் ப-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். "கொ"வின் கதை இன்னும் மோசம். அதனால் பலர் பாமினி போன்ற பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் தட்டி ஒப்பேற்றினார்கள். அதில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டுவதால் படம் சரியாக வரும், ஆனால் தேடவும் அடுக்கவும் முடியாது. 2008-இல் வந்த ஃபிளாஷ் பிளேயர் 10-இன் புதிய டெக்ஸ்ட் இன்ஜின்தான் இந்திய மொழிகளை முறையாகக் கோத்தது. 2010-இல் ஃபிளெக்ஸ் 4-இன் ஸ்பார்க் காம்போனென்ட்கள் அதைப் பயன்படுத்தின.

உங்கள் கைக்கு வந்திருப்பது தமிழ்த் திரைகள் உள்ள அப்ளிகேஷன் என்றால், டேட்டாபேஸில் இருப்பது உண்மையிலேயே யூனிகோடா என்று ஒருமுறை திறந்து பாருங்கள். "jkpo;" என்று ஆங்கில எழுத்தாகத் தெரிந்தால் அது பாமினி. குறியாக்க மாற்றத்தையும் வேலைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீவ் ஜாப்ஸ் கடிதம்தான் ஃபிளாஷைக் கொன்றதா?

ஆப்பிள் சாதனங்களில் ஃபிளாஷை ஏன் அனுமதிப்பதில்லை என்று ஜாப்ஸ் எழுதிய அந்தக் கடிதம் 2010 ஏப்ரலில் வந்தது. ஐபோன் அதற்கு மூன்று வருடம் முன்பே ஃபிளாஷ் இல்லாமல்தான் வந்திருந்தது. கடிதத்தில் இருந்த வாதங்களில் எனக்கு நியாயமாகப் பட்டது தொடுதிரை பற்றியது. நாங்கள் எழுதிய மெனுக்கள் பெரும்பாலும் மவுஸை மேலே கொண்டுபோனால் விரிபவை, விரலுக்கு அப்படி ஒரு நிலை கிடையாது. பேட்டரி, பாதுகாப்பு எல்லாம் அதற்கு மேல்.

அடி விழுந்தது 2011 நவம்பரில். மொபைல் பிரவுசருக்கான ஃபிளாஷை நிறுத்துவதாக அடோபி அறிவித்தது, அதே மாதம் ஃபிளெக்ஸை அப்பாச்சி என்ற திறமூல அமைப்பிடம் ஒப்படைக்கப்போவதாகவும் சொன்னது. நிறுவன அப்ளிகேஷன்களுக்கும் நீண்ட காலத்தில் ஹெச்டிஎம்எல்5-தான் சரி என்று அடோபியே எழுதியதைப் படித்துவிட்டு மறுநாள் கிளையண்ட்டிடம் ஃபிளெக்ஸை எப்படி விற்பது? 2015-இல் யூடியூப் ஹெச்டிஎம்எல்5 வீடியோவுக்கு மாறியது, அதே வருடம் குரோம் பழைய பிளகின் முறையையே தூக்கியது. அதோடு சில்வர்லைட்டுக்கும் குரோமில் கதவு அடைந்தது. ஃபிளாஷ் ஆதரவு 2020 டிசம்பர் 31-இல் முடிந்தது, சில்வர்லைட்டுக்கு 2021 அக்டோபர் 12-இல்.

இப்போதே அப்ளிகேஷன் ஓட வேண்டும், மாற்றி எழுத நேரமில்லை. தற்காலிக வழி உண்டா?

2021 ஜனவரி 12-க்குப் பிறகு ஃபிளாஷ் பிளேயர் தானாகவே உள்ளடக்கத்தைத் தடுக்கும்படி கட்டப்பட்டிருந்தது. அந்த மாதம் தென்னாப்பிரிக்க வருமான வரித் துறை தன் ஃபிளாஷ் படிவங்களைத் திறக்க சொந்தமாக ஒரு பிரவுசரையே வெளியிட்டது. அந்த அளவுக்கு நீங்கள் போக வேண்டாம்.

சோர்ஸ் கோட் இருந்தால் என் சிபாரிசு ஏர். 2019-இல் அதன் பராமரிப்பை அடோபியிடமிருந்து ஏற்றது சாம்சங் குழுமத்தைச் சேர்ந்த ஹார்மன். ஃபிளெக்ஸ் அப்ளிகேஷனின் வேர் டேகை ஏருக்கு உரியதாக மாற்றிக் கம்பைல் செய்தால் டெஸ்க்டாப் அப்ளிகேஷனாக ஓடும், பிரவுசர் தேவையில்லை. இரண்டு இடத்தில் இடிக்கும். சர்வர் முகவரியைச் சுருக்கமாக எழுதியிருந்தால் முழு முகவரியாக்க வேண்டும். பக்கத்திலிருந்த ஜாவாஸ்கிரிப்டைக் கூப்பிட்ட இடங்களுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். உரிம விதிகளையும் படித்துவிடுங்கள், கட்டணம் இருக்கலாம்.

ரஃபிள் என்ற ஃபிளாஷ் எமுலேட்டர் (ஃபிளாஷ் பிளேயர் போலவே நடிக்கும் மென்பொருள்) ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. இன்டர்நெட் ஆர்க்கைவில் பழைய ஃபிளாஷ் விளையாட்டுகள் ஓடுவது அதில்தான். விளையாட்டுக்கும் அனிமேஷனுக்கும் அருமை. பெரிய ஃபிளெக்ஸ் அப்ளிகேஷனை அதை நம்பித் திட்டமிடாதீர்கள். பழைய ஃபிளாஷ் பிளேயரை எங்கிருந்தோ இறக்கி இன்ஸ்டால் செய்யச் சொல்லும் யோசனை யாரிடமிருந்து வந்தாலும் மறுத்துவிடுங்கள். அதன் ஓட்டைகள் இனி அடைக்கப்படாது.

சோர்ஸ் கோட் கிடைக்கவில்லை, எஸ்டபிள்யூஎஃப் கோப்பு மட்டும்தான் இருக்கிறது.

பாதி வெற்றி. ஜேபெக்ஸ் போன்ற டீகம்பைலரில் (கம்பைல் ஆன கோப்பைத் திரும்பக் கோடாக்கும் கருவியில்) திறந்தால் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் பெரும்பாலும் படிக்கிற மாதிரியே கிடைக்கும், கிளாஸ் பெயர்கள் உட்பட. எம்எக்ஸ்எம்எல் திரும்பக் கிடைக்காது, அது ஏற்கெனவே ஆக்‌ஷன்ஸ்கிரிப்டாக மாறிவிட்டது. அதனால் அதைத் திரும்பக் கம்பைல் செய்யும் கனவை விட்டுவிட்டு, தொழில் விதிகளைப் படித்தெடுக்கும் ஆவணமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தொகைக்கு மேல் இரண்டாவது ஒப்புதல், எந்த நிலையில் எந்தப் பட்டன் மங்கும், இதெல்லாம் அங்கேதான் இருக்கும். சில்வர்லைட் இன்னும் எளிது: எக்ஸ்ஏபி கோப்பு வெறும் ஜிப்தான், உள்ளே டாட்நெட் டிஎல்எல்கள் இருக்கும்.

எதில் மாற்றி எழுதுவது?

உங்கள் டீமுக்கு எது தெரியுமோ அதில். ஃபிளெக்ஸ்காரர்கள் ஆங்குலருக்கு எளிதாகப் பழகுகிறார்கள், டைப்ஸ்கிரிப்ட் பார்வைக்கு ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-இன் உறவுக்காரர் போலவே இருக்கும். அப்பாச்சி ராயல், எம்எக்ஸ்எம்எல்லையே ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித் தருகிறது. நூற்றுக்கணக்கான திரைகள் இருந்தால் முயன்று பார்க்கலாம், ஆனால் ஐந்து வருடம் கழித்து அதைப் பராமரிக்க ஆள் கிடைப்பது பற்றி எனக்குச் சந்தேகம். சில்வர்லைட்டுக்கு ஓப்பன்சில்வர் இருக்கிறது, சி ஷார்ப் கோடையும் ஸாமலையும் (சில்வர்லைட் திரையை எழுதும் டேக் மொழி) பிரவுசரிலேயே உள்ள வெப்அசெம்பிளி வசதி மூலம் ஓட்டுகிறது. சில்வர்லைட் வைத்திருப்பவர்கள் இந்த விஷயத்தில் ஃபிளெக்ஸ்காரர்களைவிடக் கொடுத்துவைத்தவர்கள்.

சர்வர் பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு திரையை மட்டும் மாற்றினால் போதாதா?

எஸ்டிமேட் போடும் எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். மாட்டுவதும் இங்கேதான். ஃபிளெக்ஸ் அப்ளிகேஷன்கள் பல, ஜாவா சர்வரோடு பிளேஸ்டிஎஸ் என்ற சர்வர் பக்க மென்பொருள் வழியாக ஏஎம்எஃப் என்ற பைனரி வடிவத்தில் பேசின. ஜாவா ஆப்ஜெக்ட் அப்படியே ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் ஆப்ஜெக்டாக வந்து இறங்கும். அந்தச் சொகுசில் மூன்று விஷயம் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தது.

ஒன்று, ஏஎம்எஃப் ஒரே ஆப்ஜெக்டை ஒருமுறைதான் அனுப்பும், அடுத்த முறை "முன்னால் அனுப்பினேனே, அது" என்று எண்ணை மட்டும் சொல்லும். அதனால் ஆர்டருக்குள் வாடிக்கையாளர், வாடிக்கையாளருக்குள் ஆர்டர்கள் என்று சுற்றி வந்தாலும் பிரச்சினையில்லை. அதையே ஜேசனாக (இன்றைய வெப் அப்ளிகேஷன்கள் டேட்டா அனுப்பும் எழுத்து வடிவம்) மாற்றச் சொன்னால் சர்வர் முடிவில்லாமல் சுற்றி ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் விழும்.

இரண்டாவது, ஆக்‌ஷன்ஸ்கிரிப்டின் இன்ட் (முழு எண்) வகைக்கு நல், அதாவது "மதிப்பே இல்லை" என்ற நிலை, கிடையாது. சர்வரிலிருந்து நல் வந்தால் அது பூஜ்யமாகிவிடும். பயனர்கள் பத்து வருடமாக "0" என்று பார்த்த இடம் புதிய திரையில் காலியாக இருக்கும். "தொகை காணோம்" என்று போன் வரும். எது உண்மையான பூஜ்யம், எது நிரப்பாதது என்று அப்போதுதான் பேச ஆரம்பிப்பார்கள்.

மூன்றாவது தேதி. ஏஎம்எஃப் தேதியை யுடிசி (உலகப் பொது) நேரத்தின் ஒரு கணமாக அனுப்பும், திரை அதைப் பயனரின் உள்ளூர் நேரத்தில் காட்டும். சென்னை சர்வரில் ஜூலை 10 நள்ளிரவு என்று சேமித்த பிறந்தநாள், நியூ ஜெர்சியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஜூலை 9 மதியம் இரண்டரை. தேதியை மட்டும் காட்டும் கட்டத்தில் ஒரு நாள் குறைந்திருக்கும். இதைச் சரிக்கட்ட யாரோ ஒரு புண்ணியவான் நேர வித்தியாசத்தைக் கூட்டும் கோடை எங்கேயோ சொருகியிருப்பார், திரையிலா சர்வரிலா என்பது அவருக்கே வெளிச்சம். திரையை மட்டும் மாற்றினால் பாதி சரிக்கட்டல் போய்விடும், மீதிப் பாதி சர்வரில் நின்று தேதியை எதிர்ப்பக்கம் தள்ளும். தேதி கையாளும் எல்லா இடத்தையும் தேடி எடுத்து, வெறும் தேதி எது, நேரத்தோடு கூடிய கணம் எது என்று பிரித்த பிறகுதான் மற்ற வேலை.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

பழைய அப்ளிகேஷன் ஏதோ ஒரு மெஷினில் இன்னும் ஓடுகிறது என்றால், அது நிற்பதற்கு முன்னால் போக்குவரத்தைப் பதிவு செய்யுங்கள். பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவே போவதைக் காட்டும் சார்ல்ஸ் பிராக்ஸி, ஏஎம்எஃப்பையும் பிரித்துக் காட்டும். ஒவ்வொரு திரைக்கும் என்ன போனது, என்ன வந்தது என்று சேமித்துவிட்டால் புதிய சர்வீஸைச் சரிபார்க்கக் கைவசம் ஆதாரம் இருக்கும்.

பிறகு அதைத் தினமும் பயன்படுத்துபவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். மேனேஜர் பக்கத்தில் வேண்டாம், எண்ட்ரி போடுபவர் பக்கத்தில். நான் பார்த்த ஒரு கணக்குப் பிரிவில் அந்த அம்மா மவுஸைத் தொடவே இல்லை. டேப், டேப், எண்ணைத் தட்டு, கீழ் அம்புக்குறி, என்டர். கிரிட்டின் கடைசிக் கட்டத்தில் டேப் அழுத்தினால் அடுத்த வரியின் முதல் திருத்தக்கூடிய கட்டத்துக்குப் போகும் என்பது ஃபிளெக்ஸ் டேட்டாகிரிட்டின் இயல்பு. எந்தத் தேவை ஆவணத்திலும் யாரும் அதை எழுதியிருக்கவில்லை, ஏனென்றால் யாரும் அதைக் கட்டவில்லை. புதிய வெப் கிரிட்டில் டேப் அழுத்தினால் ஃபோகஸ் கிரிட்டைவிட்டே வெளியே போய்விட்டது. அழகான புதிய திரையை அந்தப் பிரிவு இரண்டு வாரம் சீண்டவில்லை.

கீபோர்டு நடத்தை, பேஸ்ட் செய்யும்போது எக்செல் வரிகள் எப்படி இறங்குகின்றன, அடுக்கிய பிறகு தேர்வு நிற்கிறதா, இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. பார்த்துத்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு நாள் ஆகும் என்று மேனேஜருக்கு என்ன சொல்வது?

ஒரு நடுத்தரத் திரையை முழுதாக, தேதி, கீபோர்டு, பிரிண்ட் எல்லாம் சேர்த்து முடித்துவிட்டு, அதை வைத்துச் சொல்லுங்கள். லாகின் திரையை முடித்துவிட்டு அதை வைத்துச் சொல்லாதீர்கள்.

ஃபிளட்டர் வெப்பும் அதே பழைய கதைதானே?

கூகுளின் ஃபிளட்டரில் எழுதிய அப்ளிகேஷனைப் பிரவுசரில் ஓட்டுவதைத்தான் ஃபிளட்டர் வெப் என்கிறார்கள். ஒரு விதத்தில் ஆம். ஃபிளட்டர் வெப்பும் திரையைத் தானே ஒரு கான்வாஸில் வரைகிறது, ஃபிளாஷ் போலவே. பிரவுசரின் தேடல், எழுத்தைத் தேர்ந்தெடுப்பது, ஸ்க்ரீன் ரீடர் எல்லாவற்றையும் தனியாகக் கட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் செலினியம் என்ற பிரவுசர் சோதனைக் கருவியை வைத்து டெஸ்ட் எழுதப்போனால் பக்கத்தில் ஒரே ஒரு செவ்வகம்தான் அதன் கண்ணுக்குத் தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அந்த எரிச்சல் இப்போதும் பழகிய எரிச்சலாகத் தோன்றலாம். பெரிய வித்தியாசம், இதற்குப் பிளகின் தேவையில்லை. பிரவுசரின் தரப்படுத்தப்பட்ட வசதிகள்மேல் ஓடுகிறது. அதனால் ஒரு நிறுவனம் ஒரு நாள் காலையில் நிறுத்திவிட்டேன் என்று அறிவித்தாலும், ஏற்கெனவே கட்டிய அப்ளிகேஷன் மறுநாளும் திறக்கும். அலுவலகத்துக்குள் ஓடும் டேஷ்போர்டுக்கு நான் ஆட்சேபம் சொல்ல மாட்டேன். பொதுமக்கள் படிக்க வேண்டிய தளத்துக்கு வேண்டாம்.

ரெஸ்யூமில் ஃபிளெக்ஸ் அனுபவத்தைப் போடலாமா?

போடுங்கள், ஆனால் "ஃபிளெக்ஸ் 3, 4, பிளேஸ்டிஎஸ்" என்று வெறும் பட்டியலாக வேண்டாம். எத்தனை வரி டேட்டாவை எந்தத் திரையில் காட்டினீர்கள், சர்வரோடு எப்படிப் பேசினீர்கள், அதை எதற்கு மாற்றினீர்கள் என்று ஒரு வரியில் எழுதுங்கள். இன்டர்வியூ எடுப்பவருக்கு வயது முப்பதுக்குக் கீழே என்றால், பிளேஸ்டிஎஸ் என்ன என்று அவர் கேட்கவே மாட்டார். டேப் கீ கதையைச் சொன்னால் கேட்பார்.